மாரப்பன் டிஸ்க் வாங்கிய கதை

2025 ஜூலை 9, புதன்கிழமை. விடிந்ததிலிருந்து மேல்காற்று, இடையிடையே நனைக்கவும் செய்யாமல் காயவும் விடாமல் ஒரு சாரல். மாரப்பன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியில் அமர்ந்து வெறுங்காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். மிதிப்பார், கண்ணை மூடிக் காத்திருப்பார், காலை எடுப்பார். “செருப்பு போட்டு மிதிச்சா அது சொல்றது காதுல விழுகாதுங்க” என்பது அவருடைய விளக்கம். காலுக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்டதில்லை.

அருள்புரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. பின்னலாடைத் தொழிலில் துணி ஓரிடத்தில் தங்குவதில்லை. ஒரு பட்டறையில் பின்னுவார்கள், மற்றொன்றில் சாயமேற்றுவார்கள், வேறொன்றில் உலர்த்துவார்கள், பிறகுதான் வெட்டும் தையலும். இந்தப் பட்டறைகளுக்கு இடையிலுள்ள சாலைகளில்தான் மாரப்பனுடைய வாழ்க்கை ஓடுகிறது. ஒல்லியான உடம்பு, தோளில் எந்நேரமும் ஒரு பனியன் துணித்துண்டு. அது துண்டாகவும் கைக்குட்டையாகவும் கண்ணாடி துடைப்பானாகவும் பயன்படும். எந்த வரிசையில் பயன்படும் என்பதைப் பார்க்காமலிருப்பது நல்லது.

நன்றி சொல்வது அவருக்குத் தும்மல் வருவதைப் போன்றது, அடக்க முடியாது. வழிவிட்ட பேருந்தைக் கும்பிடுவார். வீடு வந்து சேர்ந்ததும் டயரைத் தட்டிக்கொடுப்பார். தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டு வருத்தம் தெரிவித்தவரிடம், “பரவால்லீங்க, கூப்புட்டதுக்கு நன்றிங்க” என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். “அந்தாளு போன வெச்சே ரொம்ப நேரமாச்சு, இன்னும் கும்பிட்டுட்டு இருக்கறாரு பாருங்க” என்பார் அவருடைய மனைவி பூவாத்தாள்.

திங்கட்கிழமை மாலை, சாயப்பட்டறையில் துணி ஏற்றிக்கொண்டு பல்லடம் சாலை இறக்கத்தில் வந்தபோது அவருடைய வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. வண்டி மேலும் ஓடியது. வேலை விட்டுச் சாலையைக் கடந்துகொண்டிருந்த ராமுத்தாய் துள்ளி ஒதுங்கினார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர் அவர். ஒதுங்கியவர் அப்படியே போய்விடவில்லை. திரும்பி வந்து வண்டியின் முகப்பில் ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

“யோவ், கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? எம் புள்ளைக ரெண்டையும் எவன்யா வளப்பான்?”

மறுநாள் காலை அந்தக் கம்பெனியின் வாசலில் மாரப்பன் அவருக்காகக் காத்து நின்றார். துணைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். ராமுத்தாய் சண்டைக்குத் தயாராகவே வந்தார்.

“நேத்து திட்டுனீங்களே, ரொம்ப நன்றிங்க அம்மிணி. நீங்க ஒண்ணுஞ் சொல்லாமப் போயிருந்தா நானும் அப்படியே ஓட்டிட்டுப் போயிருப்பனுங்க.”

ராமுத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடன் வந்த தோழியிடம் சொன்னார்: “இந்த ஊர்ல வஞ்சாக்கூட மருவாதியா வாங்கிக்கிடுறாகடி!”

வண்டியில் விழுந்த அந்த அறைக்கு நானும் நன்றி சொல்ல வேண்டியவன். என் மனைவி பால் வாங்கக் கடப்பதும் அதே சாலைதான்.

அன்றிலிருந்து மாரப்பன் சுமை ஏற்றவில்லை. புதன்கிழமை, வெறுங்கால் சோதனை முடிந்ததும், வண்டியை மெல்ல ஓட்டி மெக்கானிக் ராஜபாண்டியிடம் கொண்டுபோனோம். முன்சக்கரங்களைக் கழற்றியபோது, பிரேக் பிடிக்கும் இரும்புத் தட்டுகளாகிய டிஸ்க் இரண்டும் உழுத நிலம்போல் வரிவரியாகத் தேய்ந்திருந்தன. சூடேறிய இடங்களில் நீலம் பாரித்து, மயிரிழைபோல் விரிசலும் ஓடியிருந்தது.

“லேத்துல குடுத்து இழைச்சு மாட்டலாம்ணே. ஆனா இது ஏற்கெனவே மெலிஞ்சு கெடக்கு. இன்னும் மெலிஞ்சா சீக்கிரம் சூடேறும். நான் மாட்டச் சொல்ல மாட்டேன்.”

அந்த நேரத்தில் சாயப்பட்டறை முதலாளி தமிழ்செல்வன் கைப்பேசியில் அழைத்தார். குரல் எங்களுக்கும் கேட்டது. “லேத்துல ஒரு இழுப்பு இழுத்து மாட்டீட்டு வாங்கண்ணா. சாயங்காலம் சரக்கு காயப்போடப் போகோணும். வல்லீன்னா வேற வண்டி சொல்லீருவனுங்க. அப்பறம் அவனே ஓட்டட்டும்.”

மாரப்பன் முகம் சுண்டிவிட்டது. அந்தப் பட்டறையின் நடைதான் ஆண்டு முழுவதும் அவர் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது. மற்ற நடைகளெல்லாம் மழை மாதிரி, வந்தால் உண்டு.

“டிஸ்க் என்ன இருக்குதுன்னு பாத்துட்டுக் கூப்புடறனுங்க. நன்றிங்க” என்றார்.

உதிரிபாகக் கடையில் தரணி இருந்தாள். தந்தையின் கடை, பேச்சு மட்டும் அவளுடையது.

“ஏனுங்ணா, போன தடவை நீங்களே கேட்டு வாங்கீட்டுப் போன கெட்டி பிரேக் பேடு எப்படி? தேஞ்சுதுங்ளா?”

“பேடு அப்படியேதான் இருக்குது கண்ணு. டிஸ்க்குதான் தேஞ்சு போச்சு.”

“உங்க ஊட்லயும் அதே கதைதானுங்ளே! அக்கா அப்படியே இருக்கறாங்க. நீங்கதான் தேஞ்சு போயிட்டீங்க.”

“அவகிட்டச் சொல்லிப் போடாதே அம்மிணி, சந்தோசப்படுவா.”

தரணி சிரித்துக்கொண்டே, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று நீண்ட நாள் உழைக்கும் கெட்டிப் பேடு. மற்றொன்று வண்டியோடு முதலில் வந்த வகை. பின்னது சீக்கிரம் தேயும். ஆனால் டிஸ்க்கைத் தின்னாது, உடனே பிடிக்கும். மாரப்பன் மாறிமாறி இரண்டையும் தடவிப் பார்த்தார். “எவ்வளவு லோடு ஏத்துவீங்க?” என்று தரணி கேட்டாள்.

“சரக்குச் சீட்டுல போட்ருக்கற எடைதானுங் கண்ணு. அதுக்கு மேல ஒரு கிலோ ஏத்த மாட்டேன்.”

உடன் வந்திருந்த ராஜபாண்டி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “சீட்டுல இருக்குறது காஞ்ச துணி எடையாண்ணே, நனைஞ்ச துணி எடையா?”

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. சாயத்துக்குப் போகும் முன் வெள்ளைத்துணியை எடை போடுவார்கள். பிறகு அந்தத் துணி எங்கே போனாலும் சீட்டில் அந்த எடையே உடன் போகும். சாயமேறி, பிழிந்து, ஈரத்தோடு உலர்த்தும் பட்டறைக்குப் போகும்போதும் அதே எண்தான். துணியின் எடைக்கு ஏறக்குறையச் சமமாக உள்ளே இருக்கும் தண்ணீரை யாரும் எடை போடுவதில்லை, கூலியும் துணிக்குத்தான். ஒவ்வொரு நடையிலும் சீட்டில் இல்லாத ஒரு பாரத்தை மாரப்பன் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். அவரைப் போன்ற எல்லாருமே ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

“அட சாமி” என்று மட்டும் மாரப்பன் சொன்னார். பிறகு கெட்டிப் பேடைத் தரணியின் பக்கமாகத் தள்ளினார். “இது வேண்டாம். பழைய வகையே குடு. டிஸ்க்கு ரெண்டுமே புதுசு.”

“ஒண்ணுதானுங்ணா இருக்குது. இன்னொண்ணு கோயமுத்தூர்ல இருந்து நாளைக்குக் காலைலதான் வரும். இப்பத்திக்கு ஒண்ண மாத்திக்கறீங்ளா?”

“ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும் கண்ணு. ரெண்டும் வரட்டும்.”

கடைக்கு வெளியே நின்று தமிழ்செல்வனை அழைத்தார். மறுமுனையில் பேச்சு நீண்டது. “சரிங்க... ஆமாங்க... நாளைக்குத்தானுங்க... நன்றிங்க.” அன்று மாலை அந்தத் துணி வேறொரு வண்டியில் போனது. அந்த வண்டி எங்கள் தெருவைக் கடந்தபோது மாரப்பன் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தினார். பாதியில் நிறுத்தி, பிறகு முழுவதும் உயர்த்தினார்.

வியாழன் காலை புது டிஸ்க்குகளின் எண்ணெய்ப் பூச்சை ராஜபாண்டி துடைத்தெடுத்து மாட்டினார். பேடின் முகத்தில் யாருடைய விரல் பிசுக்கும் படாமல் மாரப்பன் காவல் காத்தார். என் விரலையும் நம்பவில்லை. பழைய டிஸ்க் இரண்டையும் துண்டால் துடைத்து, “நிறுத்துன வரைக்கும் நிறுத்துனீங்க” என்று சொல்லி ஓரமாக வைத்தார். அதன்பின் ஆளில்லாத சாலையில், வேகமெடுப்பதும் மெல்ல மிதிப்பதுமாகப் புது பிரேக்கைப் பழக்கினார். ஸ்டியரிங் நடுங்கவில்லை.

மதியம் சாயப்பட்டறைக்குப் போனோம். ஒரு வாய்ப்புக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். நேற்று வந்த வண்டியும் வாசலில் காத்திருந்தது. தமிழ்செல்வன் கையசைத்ததும், வடநாட்டு இளைஞர்கள் நீலச் சாயமேறிய துணி மூட்டைகளைச் சொட்டச் சொட்ட மாரப்பனின் வண்டியில் அடுக்கினார்கள். பாதி அடுக்கியதும் மாரப்பன் கையைக் காட்டினார். “பஸ் பையா, பஸ்” என்று, போதும் என்பதை அவர்கள் மொழியிலேயே சொன்னார்.

வண்டியின் பின்கதவைத் தூக்கிச் சாத்தினார்.

தமிழ்செல்வன் வெளியே வந்தார். “என்னங்ணா, கதவ சாத்தீட்டீங்க? இன்னும் அத்தன மூட்டை கெடக்குது. அந்த வண்டிக்காரன் ஒரே நடைல முழுசா எடுத்துக்கறேங்கறான். நீங்க எவ்வளவு எடுப்பீங்க?”

மாரப்பன் கொக்கியை மாட்டி, அது விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

“ஈரத்துணின்னா பாதிதானுங்க.”