பெருமாள் முன்னால் வைத்த மருந்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எழுதினால் பெருமாளைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம்தான்.

என் மனைவிக்குத் தலைக்குள் சின்னக் கட்டி. அதனால் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரந்து, கையும் காலும் தாடையும் பெருத்துக்கொண்டே போயின. சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் செருப்புக் கடைக்காரர், "அக்காவுக்கு ஆம்பள செருப்புதாங்க சரியா வரும்" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இனிமே ஒரே ஜோடி போதுங்க. யாரு முன்னாடி கெளம்பறாங்களோ, அவங்க போட்டுக்கலாம்."

ஆபரேஷனில் கட்டி முழுசாகப் போகவில்லை. மற்ற ஊசிகளும் கேட்கவில்லை. இதயமும் பெருத்திருந்தது. அப்போதுதான் டாக்டர் ஒரு புது மருந்து ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்தார்.

"ஹார்மோன் சுரக்கறத இது நிறுத்தாதுங்க. பூட்டு ஓட்டையில வேற ஒண்ண சொருகிட்டா சாவி நுழையுமா? அந்த மாதிரி அத வேலை செய்ய விடாது. ஃப்ரிட்ஜ்லயே வைங்க."

எங்கள் வீட்டில் எது வந்தாலும் முதலில் பெருமாள் முன்னால்தான். மிச்சம் மீதிச் சாப்பாடு இருக்கிற ஃப்ரிட்ஜில் வைத்ததைப் பிறகு எடுத்து அவருக்குக் காட்ட மாட்டோம். அதனால் ஒவ்வொரு மாதமும் ஊசிப் பெட்டி, ராத்திரியிலும் ஸ்ரீரங்கத்து வெக்கை தணியாத பூஜை அறையில், விளக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி இருந்தது. காலையில் துளசி சாற்றி எடுத்து ஃப்ரிட்ஜில் வைப்பாள். ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

ரத்தப் பரிசோதனையில் குறைய வேண்டியது எதுவும் குறையவில்லை. டாக்டர் கேட்டார்: "மருந்து குளிர்ச்சியிலயே இருந்துச்சாம்மா?"

"இல்லைங்க. மாசாமாசம் ஒரு ராத்திரி பெருமாள்கிட்ட இருந்துச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சூட்டுல மருந்து கெட்டிருக்கும்மா. இத நான் மறைக்க முடியாது. உங்கள ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடுவாங்க."

"நான் மறைச்சா, மருந்து கேக்கலைன்னு எழுதிடுவீங்களே. என்னைய மாதிரி இன்னொருத்திக்கு அது கிடைக்காம போயிடுமே."

எடுத்துவிட்டார்கள். டாக்டர் மறுபடி கேட்டுப் பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. அடுத்த மார்கழிக்குள் அவள் இதயம் ஓய்ந்துவிட்டது. அந்த மருந்து கடைசியில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

தெருவில் சிலர் பெருமாள் கைவிட்டார் என்கிறார்கள். சிலர், ஆராய்ச்சி என்று சொல்லி ஊசி போட்டே கொன்றுவிட்டார்கள் என்கிறார்கள். இரண்டும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் டாக்டரிடம் அவள் எப்படிச் சொன்னாளோ, அப்படியே சொல்லுங்கள். அவளுக்காகக்கூட ஒரு வார்த்தை கூட்டிவிடாதீர்கள்.