அசையக் கூடாத குமரவேல்

குமரவேல் அண்ணன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவர் கதையை யாராவது சொல்ல வேண்டுமென்றால் நான்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குக் குகை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டு நின்றவள் நான்.

எங்கள் பார்க் சிக்கந்தராபாத்துக்கு வெளியே, பட்டான்செரு தாண்டி இருக்கிறது. பாற்கடல், கைலாசம், கிராமத்துத் தெரு, குயவர், தச்சர், எல்லாமே சிமெண்ட். குகை ஒன்றுதான் நிஜம். பெரிய பெரிய பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தானாக உண்டானது. மே மாத வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும். முதலில் அங்கேயும் ஒரு சிமெண்ட் ரிஷியைத்தான் வைத்திருந்தார்கள். ஒருத்தரும் சீந்தவில்லை. உடனே எங்கள் மேனேஜர் சாய்கிருஷ்ணாவுக்கு, இருபத்தெட்டு வயசுதான் இருக்கும், ஒரு யோசனை உதித்தது. நிஜ ஆளையே தவத்தில் உட்கார வைத்துவிடலாம். இருபது நிமிஷம் தவம், பத்து நிமிஷம் ஓய்வு. தவத்தில் அசைந்தால் வேலை காலி.

நான்கு பேர் வந்தார்கள், நான்கு பேரும் இரண்டே நாளில் ஓடிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு ஆட்டோ ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் ஞாபகம் வந்தார். தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு வந்து இறங்குவார். சாயங்காலம் வரை அங்கேயே சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என் பையை மிதித்துவிட்டார். நான் தெலுங்கில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "தெரியாம பட்டுடுச்சும்மா" என்று தமிழில் முனகினார். நானும் தமிழ்தானே, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு விசாரித்தேன். அவர் தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். இவர் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்து, மருந்துக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பாய்லர் பார்த்தவர். ஷிஃப்ட் முழுக்க மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது பழகிய உடம்பு. கம்பெனியை ஒரே நாளில் மூடிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை.

"பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?" என்றேன்.

"நாளைக்கு வேற வேலை கெடச்சுடும் பகவதி. கெடச்சதும் சொல்லிடுவேன். சொன்னா அவ சாப்பிட மாட்டா."

இந்த ஆம்பளைகளின் நாளைக்கு எப்போதுதான் வரும்? நானே மேனேஜரிடம் கூட்டிப்போனேன். ஜடாமுடி, மார்பு வரை தாடி, உடம்பு பூராவும் விபூதி. அன்றைக்கே நாலு தவம் அசையாமல் முடித்தார். பத்து மாதமாக இதுதான் பிழைப்பு. வீட்டில் அவர் இன்னும் பாய்லர் ஆபரேட்டர். "வேஷம் கட்டி உட்கார்ந்திருக்கேன்னு தெரிஞ்சா அவ முகத்துல எப்படி முழிப்பேன்?" என்பார். அந்த ஒரு பயம்தான் அவருக்கு.

ஆடி மூணாவது வெள்ளி. கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு ஒரு வேனில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லாம் சிக்கந்தராபாத் தமிழ்ப் பெண்கள். தெலுங்கு பொளந்து கட்டுவார்கள், படிக்க மட்டும் வராது. அதனால் வாசல் பலகையை ஒருத்தியும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 'உள்ளே இருப்பவர் நடிகர், தொடாதீர்கள்' என்று தெலுங்கில் இத்தனை பெரிசாக எழுதியிருக்கிறது. மற்ற ஜனங்கள் சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள். இவர்கள் உள்ளே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

"ஐயோ, ஜீவசமாதி சித்தருடி!" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான். சாஷ்டாங்கமாக விழுந்தார்கள். கூட வந்த ஆரோக்கியமேரி என்ற அம்மாள்கூடச் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாவி, வேடிக்கை பார்த்தேன்.

ஒல்லியாக ஒருத்தி மட்டும் கயிற்றைத் தாண்டிப் போய், மஞ்சள் துணியில் காசு முடிந்து அவர் காலடியில் வைத்தாள். தடுக்கக் கிட்டே போனேன். அதற்குள் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"சாமி, என் வீட்டுக்காரருக்கு நல்ல வேலை குடு. பாய்லர் பார்த்துக்கிட்டிருந்த கம்பெனி மூடி ஒரு வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு தினம் டிபன் பாக்ஸ் தூக்கிட்டுப் போறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய்லரா? குமரவேல் அண்ணனைப் பார்த்தேன். கண் மூடியே இருந்தது.

"மார்ல கட்டி சாமி. நாலு மாசம் முன்னாடி வைத்தியத்துக்குக் கம்பெனியில குடுத்த கார்டை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்க கம்பெனியே மூடி எட்டு மாசம் ஆச்சேம்மா, கார்டு செல்லாதுன்னு கவுண்டர்ல சொன்னாங்க. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துட்டு, எங்கயாவது போ, ஆனா உடனே போன்னாங்க. நான் எப்படிப் போவேன்? கட்டியைச் சொன்னா கார்டைச் சொல்லணும். கார்டைச் சொன்னா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடும். நொறுங்கிப் போயிடுவாரு. அவருக்கு வேலை கெடைக்கற வரைக்கும் இது வளராம மட்டும் பார்த்துக்க சாமி."

என் கையிலிருந்த டிக்கெட் கட்டு கீழே விழுந்தது. அடிப்பாவி, நாலு மாசமா? உள்ளுக்குள் கத்தினேன்.

"காஞ்சனா" என்றார் ரிஷி.

அவள் நடுங்கிப்போனாள். "என் பேரைச் சொல்லுது! சாமி என் பேரைச் சொல்லுதுடி!" குகை முழுக்க ஒரே கூச்சல். எழுந்திருந்தவர்கள் மறுபடி விழுந்தார்கள்.

"சாமி இல்லடி. நான்தான்."

தாடியைப் பிய்த்து எறிந்தார். பசையோடு தோலும் வந்து கன்னத்தில் ரத்தம் கசிந்தது. "மாதாவே, நம்ம குமரவேல் அண்ணன்!" என்று அலறினாள் ஆரோக்கியமேரி.

காஞ்சனா அழுவாள் என்று நினைத்தேன், அறைவாள் என்று நினைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?"

"கேட்டேன்."

"ஒண்ணும் இல்லைங்க. சின்னதுதான்."

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இந்தக் கோலத்துலயா?"

அவர் மரத்துப்போன காலோடு எழுந்து தடுமாறினார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். கூச்சலைக் கேட்டு சாய்கிருஷ்ணா மூச்சிரைக்க வந்து நின்றான்.

"க்யா ஹை யே?" என்ன இது என்று கத்தினான். "உட்காரு! இப்ப வெளியே போனா திரும்ப வர வேண்டாம்."

"நக்கோ சாப்" என்றார் குமரவேல் அண்ணன். "யே நௌகரி நக்கோ." இந்த வேலையே வேண்டாமாம்.

சாய்கிருஷ்ணா என்னைப் பார்த்தான், தடுப்பேன் என்று. நான் கயிற்றை அவிழ்த்து வழிவிட்டேன்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. விபூதி பூசிய ரிஷி ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்து ஜனங்கள் செல்போனைத் தூக்கினார்கள். "மூடுங்கடா!" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் போனேன். பாதிப் படியில் அவர் நின்றார்.

"எந்தப் பக்கம்டி?"

அத்தனை பேர் நடுவில், காலனியில் புருஷன் பேரைக்கூடச் சொல்லாதவள், அவர் கையை எடுத்து முந்தானைக்கு மேலேயே இடது பக்கம் வைத்து அழுத்தினாள்.

அவர் முகத்தில் விபூதிக்கு அடியிலும் ரத்தம் வற்றிப் போனது எனக்குத் தெரிந்தது.

"இவ்வளவு பெருசா?" என்றார்.