இரண்டு காலும் சேர்த்துக் குதிப்பது

எனக்கு வாய் நீளம். சூப்பர்வைசர் வந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன்: "எடை, உயரம் மட்டும் கேக்கிறீங்களே, புள்ள படி ஏறுதா, பந்து பிடிக்குதான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?" அப்படிப்பட்ட நான்தான் ஒரு விஷயத்தில் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் அங்கன்வாடி டீச்சர் நான். உதவியாளர் வேலை காலி, ஆளே போடவில்லை. சமையலும் நான், பாட்டும் நான். கேளம்பாக்கத்து வாடகை வீட்டிலும் ஒண்டி ஆள். பகலெல்லாம் மூன்று வயசுக்காரர்களோடு பேசிவிட்டு, பெரியவர்கள் குரல் கேட்கவே வீட்டில் டிவி போடுவேன்.

என்னோடு உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள், ஓட்டலில் ரூம் சுத்தம் செய்கிற ஒரு பெண். மகளைக் கூட்டிப்போக வருகிறவள், "யக்கா, இன்னிக்கு இன்னாச்சு தெரியுமா" என்று அரை மணி உட்காருவாள். அந்த அரை மணிக்காகவே நாள் முழுக்கக் காத்திருப்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பொங்கல் கழிந்த வாரம் கவனித்தேன். தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டை எல்லாப் பிள்ளைகளும் குதித்துத் தாண்ட, அவள் மகள் மட்டும் நடந்து தாண்டினாள். இடது குதிகால் தரையில் படவேயில்லை. மறுநாளும் அப்படித்தான். பிள்ளைகளின் வளர்ச்சியைக் குறிக்கிற நோட்டில் 'குதிக்கிறாள்' என்று எழுதினேன், பாவி! முன்பு ஒரு அம்மாவிடம், பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமாகிறது என்று சொல்லப்போய், அவள் மறுநாளே பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிட்டாள். இவளும் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால், எனக்கு யார் இருக்கிறார்கள்? தானாகச் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் பிள்ளை விழுந்து உதடு கிழிந்த அன்றுதான் அவளிடம் காலைப் பற்றிச் சொன்னேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கால் தசை இறுகிப்போயிருக்கிறது, முன்னாடியே வந்திருந்தால் சுலபம் என்றார்களாம்.

"டீச்சர், உனக்கு எப்போ தெரியும்?" என்று வந்து கேட்டாள். 'யக்கா' போய் 'டீச்சர்' வந்துவிட்டது.

"பொங்கல்லேருந்து."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் இன்னும் என்னிடம்தான் விடுகிறாள், வாசலோடு சரி. ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சிகளைத் தினமும் செய்ய வைக்கிறேன். போன வாரம் கோட்டுக்கு முன்னால் நின்று, இரண்டு காலையும் சேர்த்துத் தொப்பென்று குதித்தது குட்டி. ஐயோ, எனக்கு வந்த அழுகை!

அவள் வந்ததும் வாசலுக்கு ஓடினேன். "குதிச்சாம்மா! இன்னிக்குக் குதிச்சா!"

"எங்க, குதி பாக்கலாம்" என்றாள் மகளிடம்.

பிள்ளைக்குத் தூக்கக் கலக்கம். விரலைச் சப்பிக்கொண்டு நின்றது. "குதிடி கண்ணு" என்று கெஞ்சினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நானே குதித்தும் காட்டினேன். சிரித்ததே தவிர அசையவில்லை.

"சத்தியமா குதிச்சா" என்றேன்.

"நீ சொன்னா நான் நம்பணுமா?" என்றாள். கோபமே இல்லை, நிஜமாகவே என்னிடம் கேட்டாள்.