டேப்லெட் என்னிடம்தான் இருக்கிறது

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஓடுகிற குட்டி ரயிலுக்கு மின்சாரம் போகிற ஒவ்வொரு கம்பியையும் பற்றவைத்தவள் நான். எட்டு வருடமாகிறது. போன மாசி வரை அந்த ரயிலை நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஓட்ட விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் கணவர் சொல்லுகிற கதையில் நான் வடை சுடுகிறவள்.

அவர் ஊரில் ரயில்வேயில் வேலை செய்தவர். எவ்வளவு காலம் என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பார். பதினொரு மாதம். ஒரு சின்ன ஸ்டேஷனில், ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கீழே. பிறகு நாடு எரிந்தது, ஆள் இங்கே கியூபெக்குக்கு வந்து சேர்ந்தார், புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் முப்பது வருடம் பெட்டி ஏற்றி இறக்கினார். அந்த முப்பது வருடத்தைப் பற்றி ஒரு சொல் வராது. பதினொரு மாதத்தைப் பற்றிக் கேளுங்கள், சாப்பாடு ஆறிப் போகும்.

முழங்கால் பழுதாகி வேலையை விட்ட குளிர்காலத்தில்தான் இந்த ரயில் பைத்தியம் தொடங்கியது. டொலார்டில் எங்களுக்கு ஒரு வீடு, வீட்டுக்குக் கீழே ஒரு பேஸ்மென்ட். அங்கே என் ஃப்ரீசர் இருந்தது. அது இப்போது கராஜில் இருக்கிறது. ஜனவரியில் ஒரு துண்டு மீன் எடுக்க நான் கோட்டும் தொப்பியும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஃப்ரீசருக்குள் இருப்பதைவிட வெளியே குளிர் கூட.

மேசையை அவர்தான் அடித்தார். அதை நான் மறுக்கவில்லை. சுவரோடு சுவராக மூன்று பக்கமும் வளைந்து போகிற பெரிய மேசை. அதில் ஒரு கால் நிலத்தில் முட்டாது. இன்றைக்கும் அதற்குக் கீழே அரிசிப் பெட்டி அட்டை மடித்துச் செருகியிருக்கிறது. மேசைக்கு மேலே தண்டவாளத்தைப் பொருத்தி, எஞ்சினை வைத்து, விசையைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு முழம் போய்ச் செத்தது. கியூபெக்கின் கரண்ட் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

நான் குனிந்து பார்த்தேன். முழு நீளத் தண்டவாளத்துக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் கம்பி கொடுத்திருந்தார், அதையும் முறுக்கிவிட்டு டேப் சுற்றியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் புவாண்ட்-கிளேரில்தான் வேலை. மின்னணுப் பலகைகள் செய்கிற ஃபக்டரி. இருபத்தாறு வருடத்தில் பாதிக்கு மேல் சோல்டர் பிடித்தேன், இப்போது மற்றவர்கள் பிடித்ததைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்கிறேன். பிழையான இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஒட்டுவேன். அந்த அம்பு ஒட்டிய பலகை வாசலைத் தாண்டாது.

ஆகவே கம்பி வேலை என் தலையில் விழுந்தது. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் குனிந்தேன் என்று பிறகு சொல்லப்பட்டது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் இரண்டு கம்பி, மேசையைத் துளைத்துக்கொண்டு கீழே, கீழே ஓடுகிற தடித்த கம்பியோடு இணைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய யோகா பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் செய்தேன். பொய் சொல்லக்கூடாது, அந்த வேலை எனக்குப் பிடித்தது. ஈயம் உருகிப் பளிச்சென்று ஓடிப் பிடிக்கிற நேரம் எனக்குப் பிடிக்கும். மேலே உட்கார்ந்திருந்த ஆளைத்தான் பிடிக்கவில்லை.

மேலே உட்கார்ந்திருந்தவர் சட்டம் போட்டார். ரயில் ஓடத் தொடங்கிய கிழமையே டேப்லெட் வந்தது. டேப்லெட் என்றால் மாத்திரையுமல்ல, பிள்ளைகள் விரலால் தடவுகிற சாமானுமல்ல. ஒரு பித்தளை வில்லை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒற்றைப் பாதை இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் அதில் போகலாம். வில்லை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஓட்டலாம். ஊரில் அதைப் பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் நீட்டுவார்களாம். இவர் என் தையல் வளையத்தை எடுத்து அதில் கட்டினார். பூப்போட்டுக்கொண்டிருந்த துணியைக் கழற்றி மடித்து வைத்திருந்தார், அந்த மரியாதை மட்டும் கிடைத்தது.

சனிக்கிழமை பின்னேரங்களில் அடுத்த தெருவில் இருக்கிற அண்ணை ஒருவர் வருவார். இவர் ஒரு ஸ்டேஷன், அண்ணை மற்ற ஸ்டேஷன். வளையம் கைமாறும், விசில் ஊதும், நேர அட்டவணையில் கோடு போடுவார்கள். ஒருநாள் புதிதாகப் பற்றவைத்த இடத்தைச் சோதிக்க நான் விசையைக் கொஞ்சம் திருப்பினேன். எஞ்சின் இரண்டு சாண் நகர்ந்திருக்காது. என் கணவர் படியில் நின்று விசிலை ஊதினார்.

"டேப்லெட் இல்லாமல் ஆர் ஓட்டச் சொன்னது?"

"நான் ஓட்டேல்லை. கம்பி பிடிச்சிருக்கோ எண்டு பாத்தனான்."

"பாக்கிறதெண்டால் என்னைக் கேளும். நான் ஓட்டிக் காட்டுறன்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. அந்த வளையத்தை அவராகவே என் கையில் தர வேண்டும். நானாகக் கேட்கமாட்டேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் வருடம் போகப் போக அது சின்னதாகவே இருக்கவில்லை.

என் இடது தோள் எலும்புக்கு மேலே பருப்பளவில் ஒரு தழும்பு உண்டு. ஒரு சனிக்கிழமை நான் கீழே படுத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன், மேலே அவரும் அண்ணையும் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேசை ஆடியது. உருகின ஈயம் ஒரு சொட்டு விழுந்தது. கத்தினேன். "நிப்பாட்டுங்கோ!" என்றேன். "இந்த ஸ்டேஷனுக்கு வந்து சேரட்டும், லேட்டாகுது" என்று மேலிருந்து பதில் வந்தது. வந்து சேர்ந்த பிறகுதான் குனிந்து பார்த்தார்.

இவ்வளவையும் சொன்னது, போன மாசி மாதம் நடந்ததைச் சொல்லத்தான். இங்கே ரயில் மாதிரிகள் செய்கிறவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. அதை நடத்துகிற வயதான கியூபெக்காரர் ஒருவரும் இன்னும் நாலு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க ஒப்புக்கொண்டார்கள். இவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. மேசை மேலே செய்து வைத்திருந்த மலைக்குச் சுண்ணாம்பு பூசினார், மலைக்குள் போகிற சுரங்கத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். சுரங்கத்துக்குள் இருக்கிற தண்டவாளம் தனிப் பகுதி, அதற்கு இரண்டே கம்பிதான். நகர்த்தும்போது அதில் ஒன்று அறுந்தது. என்னைக் கூப்பிடவில்லை. ஒன்றாவது தன் கையால் செய்ததாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, என் சோல்டரிங் அயர்னை எடுத்துத் தானே ஒட்டினார்.

புதன்கிழமை வேலையால் வந்து பார்த்தேன். ஆட்டுப் புழுக்கை மாதிரி ஒரு மங்கல் உருண்டை. கம்பி அதில் பிடிக்கவில்லை, சும்மா சாய்ந்துகொண்டிருந்தது. பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினேன்.

"இது நிக்காது. திருப்பிச் செய்ய வேணும்" என்றேன்.

"ஓடுதுதானே?"

"இப்ப ஓடும். ஆக்கள் வந்து அறை சூடேறினால் கழரும்."

அம்பை நகத்தால் உரித்து என் கையில் வைத்தார். "இது உம்மட ஃபக்டரி இல்லை" என்றார். சரி என்று மேலே வந்து உளுந்து ஊறப்போட்டேன். இரண்டு நிமிட வேலை. அவர் குளிக்கிற நேரத்தில் போய்ச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். வாசலில் ஐந்து சோடி பூட்ஸ், உப்புத் தண்ணீர் ஓடி வழிந்தது. அண்ணையும் வந்திருந்தார். நான் வடைத் தட்டோடு கீழே இறங்கியபோது இவர் அரைகுறை பிரெஞ்சில் டேப்லெட்டின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு மாதமும் மடை திறந்தது. அப்போதுதான் அதைச் சொன்னார். பாதையில் யாராவது பழுது பார்க்கும்போது டேப்லெட் அந்த வேலையாளின் கையில் இருக்க வேண்டுமாம். அவர் வேலை முடிந்தது என்று தன் கையால் திருப்பித் தரும்வரை ஒரு ரயிலும் அசையக்கூடாதாம். "ஆளின் உயிர் முக்கியம்" என்றார்.

தட்டைப் பிடித்தபடி நின்றேன். எட்டு வருடமாக இப்படி ஒரு சட்டம் இருந்திருக்கிறது. என் தோளில் ஈயம் விழுந்த அன்றைக்கும் இருந்திருக்கிறது. பாதையில் வேலை செய்கிற ஆளாக என்னை அவர் எண்ணவேயில்லை.

கிளப்காரர் அந்த வயதிலும் நிலத்தில் முழங்காலூன்றி, சின்ன டார்ச்சை அடித்து, மேசைக்கு அடியில் தலையை விட்டார். நெடுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் மாறியிருந்தது. இப்படி ஒரு வயரிங்கைத் தான் ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை என்றார். "யார் செய்தது?"

என் பிரெஞ்சு ஃபக்டரிப் பிரெஞ்சு. ஆனால் இந்தக் கேள்வி விளங்கியது. என் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரீசியன்" என்றார்.

அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். கோபம் இல்லை, கோபம் எனக்குப் பழக்கம். இது வேறு. தானே செய்ததாகப் பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். என்னைச் சொல்வதைவிட இல்லாத ஒருவனைச் சொல்வது அவருக்கு லேசாக இருந்தது.

கிளப்காரர் விடவில்லை. கிளப்பில் உள்ள ரயிலுக்கும் ஆள் வேண்டுமாம், அந்த எலக்ட்ரீசியனின் போன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டார். தன் நம்பரையும் ஒரு துண்டில் எழுதி நீட்டினார்.

"அவர் இப்போது ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்" என்றார் என் கணவர்.

பிறகு விசில் ஊதி ரயிலை எடுத்தார். எஞ்சினும் ஆறு பெட்டியும். வளைவைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி, சுரங்கத்துக்குள் போனது. மறுபக்கத்தில் எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வரவில்லை. கடைசிப் பெட்டியின் பின்பக்கம் மட்டும் இந்தப் பக்க வாசலில் தெரிந்தது. விசையைத் திருப்பினார், தட்டினார், மலையைத் தட்டினார், குனிந்து கீழே பார்த்தார். அத்தனை கம்பியில் எது எதுவென்று அவருக்கு எப்படித் தெரியும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

எழும்பினபோது வேர்த்திருந்தார். "இஞ்சரும், ஒருக்கா வந்து பாரும்" என்றார், மெதுவாக.

"ரொறன்ரோவுக்குப் போன் பண்ணுங்கோ" என்றேன் தமிழில். "உங்கட எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கோ."

அண்ணை வடையை வாயில் வைத்தபடி நின்றார். வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஆக்களுக்கு முன்னாலை கதையாதையும். வாரும்."

"வாறன். டேப்லெட்டைத் தாங்கோ."

"என்ன?"

"இப்ப நீங்கள்தானே சொன்னனீங்கள். பாதையிலை வேலை செய்யிற ஆளின்ரை கையிலை அது இருக்க வேணும். சட்டம்."

அவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை வடையை விழுங்கிவிட்டு, "சட்டப்படி சரிதானே" என்றார். அந்த மனிதனுக்கு என் வீட்டில் என்றைக்கும் வடை உண்டு.

இவர் வளையத்தை நீட்டினார். எட்டு வருடம் கழித்து அவர் கையால் என் கைக்கு வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு பாயை விரித்துக் கீழே போனேன். அந்த உருண்டையை உருக்கி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, திருப்பிப் பிடித்தேன். வெளியே வந்தபோது கிளப்காரர் என் கையில் இருந்த அயர்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மதாம்..." என்று தொடங்கினார். என் கணவர் முந்திக்கொண்டார்: "அந்த எலக்ட்ரீசியன் இவவுக்குக் கொஞ்சம் காட்டிக் கொடுத்தவர்."

டேப்லெட் என் தோளில் இருந்தது. விசையடிக்குப் போய் ரயிலைச் சுரங்கத்திலிருந்து வெளியே எடுத்தேன். இரண்டு ஸ்டேஷனையும் தாண்டி ஒரு முழுச் சுற்று, மெதுவாக. உண்மையைச் சொன்னால், அதில் ஒன்றுமில்லை. ஒரு குமிழைத் திருப்புகிறோம், அது போகிறது. நோகாமல் நுங்கு தின்கிற வேலை. இதற்காகவா இந்த மனிதர் இத்தனை வருடம் வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்? ரயிலை மறுபடி சுரங்கத்துக்குள் விட்டு நிறுத்தி, மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தேநீர் போட மேலே வந்தேன்.

எல்லோரும் போன பிறகு குசினி வாசலில் வந்து நின்று கையை நீட்டினார்.

"டேப்லெட்டைத் தாரும்."

"வேலை முடியேல்லை."

"எல்லாம் ஓடுதுதானே, இன்னும் என்ன வேலை?"

கிளப்காரர் எழுதிக் கொடுத்த துண்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கையில் வேறு ஒன்றும் கிடைக்காததால் ஒரு சிவப்பு அம்பால் ஒட்டினேன். "இந்த ஆளுக்கு போன் பண்ணி எலக்ட்ரீசியன் ஆரெண்டு சொல்லுங்கோ. அண்டைக்கு வேலை முடியும்."

இப்போது சித்திரை. பனி கரைந்துவிட்டது. வில்லை என் ஃபக்டரிக் கோட்டுப் பையில் கிடக்கிறது, தினமும் என்னோடு புவாண்ட்-கிளேருக்குப் போய் வருகிறது. அவர் நினைத்தால் பித்தளைத் தகட்டில் இன்னொன்று வெட்டலாம், அரை மணி நேரம் ஆகாது. வெட்டமாட்டார். ஒரு பாதைக்கு ஒரு டேப்லெட்தான், இரண்டாவது ஒன்று வெட்டுகிறவன் ரயில்வேக்காரன் இல்லை. சட்டத்தில் கள்ளம் செய்ய அவருக்கு மனம் வராது. அந்தக் கள்ளம் என் விஷயத்தில் மட்டும்தான்.

சனிக்கிழமைகளில் அண்ணை வருகிறார், இருவரும் கீழே போய் நிற்கிற ரயிலைப் பார்த்துவிட்டு மேலே வருகிறார்கள். நேற்றும் என் கணவர் கேட்டார்.

"வேலை முடிஞ்சுதே?"

"ஆரிட்டைக் கேக்கிறியள்?" என்றேன். "ரொறன்ரோவிலை இருக்கிற ஆளிட்டைக் கேளுங்கோ."

ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தார். போனை எடுத்தார், கண்ணாடியைத் தேடினார், முதல் மூன்று இலக்கத்தை அழுத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வடை இருக்கிறதா என்று கேட்டார்.