பழைய பேக்கப்பை அழிக்க மறுத்தேன்

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே, ரேம் மெமரி குறைந்த ஒரு கிழட்டுப் பெட்டி. தினசரி பேக்கப் எல்லாம் அதில்தான் சேரும்.

ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் குவிந்திருந்த சமயம் அதன் டிஸ்க் நிரம்பிவிட்டது. புதிய பேக்கப் ஏறவில்லை. பழையதைக் கழித்து இடம் பண்ணச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். மெமரி போதாமல் பாதியில் நின்றது. மறுபடி கொடுத்தேன், மறுபடி நின்றது.

முதலாளி வந்தார். "என்னாமா யோசிச்சுக்கினு இருக்கே? பழசு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பி."

"அதுல அக்காவோட டிசைன் எல்லாம் இருக்குது சார்."

அக்கா எங்கள் மூத்த டிசைனர். போன மழைக்காலத்தில் அவருடைய கம்ப்யூட்டர் எரிந்துபோனது. அவர் வரைந்த பழைய பார்டர்களும் முந்தானைகளும் அந்த பேக்கப்பில் மட்டும்தான் மிச்சம்.

"அதையெல்லாம் இப்போ யாரு கேக்கறாங்க? சரி, வேணாத ஃபைலா பார்த்துக் கையால டெலீட் பண்ணு."

அதுவும் ஆகாது. ஒரே மாதிரியான ஃபைல் துண்டுகளை அந்த பேக்கப் ஒருமுறைதான் சேர்த்துவைக்கும்; பல நாள் பேக்கப்புகளுக்கும் அந்த ஒன்றே பொது. ஒன்றைப் பிடுங்கினால் எல்லாவற்றிலும் ஓட்டை விழும். சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

"பாஸ்வேர்டைக் குடு. வேற ஆளை வெச்சு அழிச்சுக்கறேன்."

"காப்பாத்தறதுக்குக் கேளுங்க, தரேன். அழிக்கறதுக்குத் தர மாட்டேன் சார்."

"என் ஆபீஸ்ல எனக்கே பாஸ்வேர்டு இல்லன்றியா?"

"இன்னிக்கு இல்ல சார்."

"அப்போ நாளைலேர்ந்து நீ வராதே" என்றார். அக்கா தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார்.

"அவளை அனுப்பினா நானும் கிளம்பறேன். ஆவணி ஆர்டரை நீங்களே வரைஞ்சுக்குங்க."

முதலாளி முகம் சிவந்துவிட்டது. "இந்த வாரத்துக்குள்ள முடியல, ரெண்டு பேரும் நடையைக் கட்டுங்க" என்று போய்விட்டார்.

நிரம்பிய டிஸ்கில் ஒன்றைக் கழிப்பதற்கே கொஞ்சம் இடம் வேண்டும். பேக்கப்போடு சம்பந்தமில்லாத குப்பைகளை முதலில் துடைத்தேன். அந்தப் பெட்டியில் ஓடிய மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்தினேன். பிறகு அக்காவை உட்காரவைத்து, எது இருக்க வேண்டும், எது போகலாம் என்று பேசினோம். அவர் கம்ப்யூட்டர் எரிவதற்கு முன் எடுத்தவற்றில் கைவைப்பதில்லை. அதற்குப் பிந்தையவற்றில் மாதத்துக்கு ஒன்று போதும்.

இந்தமுறை மொத்தமாகக் கழிக்கச் சொல்லவில்லை. சிறு சிறு பங்காகக் கொடுத்தேன். பெட்டி சூடேறி முனகியது, ஆனால் நிற்கவில்லை. ஒரு பங்கு முடிந்ததும் அடுத்தது. வெள்ளிக்கிழமை மதியம் புதிய பேக்கப் முழுசாக ஏறியது.

அக்காவின் பழைய பார்டர் ஒன்றை மீட்டுத் திறந்து காட்டினேன். "மயிலோட கழுத்தைப் பாரு, எவ்ளோ கோணலா போட்டிருக்கேன்!" என்று சிரித்தவர், அங்கேயே உட்கார்ந்து அதைத் திருத்தத் தொடங்கினார்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். மெமரி வாங்கிக் குடுங்க. இல்லனா அடுத்த தடவையும் இதே சண்டைதான்."

அடுத்த வாரம் மெமரி வந்தது. முதலாளி அதை என்னிடம் தராமல் அக்காவின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.