பெல்லுக்கு பிளாஸ்திரி ஒட்டின வூடு

உன் ஓனரு மறுபடியும் வாடகைய ஏத்திட்டாராமே? காய்காரம்மா இப்பதான் சொல்லிட்டுப் போனா. உக்காரு, இந்தப் படியில நெழலு கீது. ஆனா மெல்லப் பேசு, ஏன்னு சொல்றேன். எங்க ஓனரு மட்டும் ஏன் ஏத்தறதே தெரியாம ஏத்தறாருன்னு கேட்ட இல்ல? அதுல ஒரு கதை கீதும்மா. போன வருஷம் தை மாசம், இதே வல்லம் வடகால்ல, இதே படிக்கட்டுல நடந்தது. இப்ப நெனச்சாலும் முதுகு சில்லுங்குது, சிரிப்பும் வருது.

அதுக்கு முன்ன மண்ணூர்ல இருந்தோம். பதினோரு மாசம் முடிஞ்சா போதும், அந்த ஓனரு வாசல்ல வந்து நிப்பாரு. "கம்பெனிப் பசங்க எட்டு பேரு சேந்து தங்கினா ரெட்டிப்பா தருவாங்கம்மா. நீங்க குடும்பமா இருந்து எனக்கு இன்னா லாபம்?" அப்படின்னு மூஞ்சிக்கு நேரா கேப்பாரு. கடைசி வாட்டி அவரு சொன்ன வாடகையக் கேட்டு என் புள்ள சோத்துல கை வெச்சவன் அப்படியே எழுந்துட்டான். "யம்மா, இந்த மாசத்துக்குள்ள கம்மியா ஏத்தற வூடு கெடைக்கலன்னா ஒத்த ரூம்புதான். நீ தங்கச்சி வூட்டுக்குப் போயிடு"ன்னுட்டான்.

மவ வூட்டுக்குப் போறதுல ஒண்ணும் இல்ல. ஆனா அங்க என் சம்பந்தியம்மா கீறா. டிவி ரிமோட்ட தலையணைக்கு அடியில வெச்சுகினு படுக்கறவ! அது கூடப் போவட்டும். என் பேத்தி மேல கால் போடலன்னா எனக்குத் தூக்கமே வராது. அவள வுட்டுட்டு எங்க போவேன்? ஏறாத மாடி இல்ல, கேக்காத ஆளில்ல. கடைசியா என் புள்ள இந்த வூட்டப் புடிச்சான். "வருஷத்துக்குக் கொஞ்சந்தாம்மா ஏத்துவாரு, குந்திக்கினு காலம் தள்ளலாம்"னான். எனக்கு சந்தோஷம்னா சந்தோஷம். மண்ணூருக்காரிங்கதான், "வாடகை ஏறாத வூடுன்னா சும்மாவா இருக்கும்?"னு ஒரு மாதிரி பாத்தாளுங்க.

வந்த மறுநாளு. புள்ள வேலைக்கு, மருமவ கேண்டீன் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. போகும்போது என் புள்ள, "யம்மா, சத்தம் போடாம இரு"ன்னான். அவன் பொறந்ததுல இருந்து எனக்கு அதையேதான் சொல்றான், யாரு காதுல வாங்கறது?

எல்லாரும் போனப்புறம்தான் கவனிக்கறேன், பன்னெண்டு வூட்டுல ஒரு சத்தம் இல்ல. குக்கர் விசிலு இல்ல, டிவி இல்ல, கொழந்த அழுவல. எல்லாக் கதவும் சாத்தியிருக்கு, ஆனா வாசலுக்கு வாசல் செருப்பு கெடக்குது. ஜன்னலுக்கு உள்பக்கம் கறுப்புக் காயிதம். பெல்லு மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. கதவுக்குக் கதவு செவப்பு எழுத்துல ஒரு சீட்டு. நமக்குத்தான் எழுத்து தெரியாதே, மந்திரிச்சு ஒட்டின சீட்டுன்னே முடிவு பண்ணிட்டேன்.

தெருவுல காய் வண்டி வந்துச்சு. அந்தத் தெருக்கோடி வரிக்கும் தொண்ட கிழியக் கூவிக்கினு வந்தவ, நம்ம பில்டிங் கிட்ட வந்ததும் கப்புனு வாய மூடிட்டா. ஏன்னு கேட்டா, "இங்க கூவக் கூடாது ஆயா"ன்னு காதுகிட்ட சொல்லிட்டு வண்டிய விறுவிறுன்னு தள்ளிக்கினு போயிட்டா. 

மேல ஏறி ஒரு கதவுல காத வெச்சேன். உள்ள மூச்சு வுடற சத்தம். ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, அஞ்சாறு பேரு. நீளமா, மெதுவா. எதுத்த கதவுலயும் அதே. அதுக்கு மேல மாடியிலயும் அதே. பட்டப்பகல்ல, உச்சிப் பொழுதுல, வூடு பூரா மூச்சு வுட்டுக்கினு கீது.

நானும் லேசுப்பட்டவளா? மாசக் கடைசி வேற, இந்த வூட்ட வுட்டா எனக்கு சம்பந்தியம்மாதான் கதி. பேயைத் தொரத்திட்டா வூடு நமக்குன்னு கெளம்பிட்டேன். கற்பூரத்தக் கொளுத்தி, பித்தளத் தாம்பாளத்த எடுத்து, கரண்டியால ஓங்கி ஓங்கி அடிச்சு, "ஆத்தா! வாடி ஆத்தா! வந்து தொரத்துடி!"ன்னு படிக்கட்டுல நின்னு கத்தினேன். அந்த எதிரொலி இருக்கே, எனக்கே பயமா இருந்துச்சு.

அப்ப எல்லாக் கதவும் ஒண்ணா தொறந்துச்சு.

 மாடிக்கு மாடி ஆளுங்க. தலவிரி கோலம், செக்கச் செவேல்னு கண்ணு, போர்வையப் போத்திக்கினு நிக்கறாங்க. அதுல ஒரு பொண்ணு செவுத்தத் தடவிக்கினு என் பக்கமா ஒவ்வொரு படியா எறங்கி வரா. அவளுக்குக் கண்ணே இல்லம்மா! கண்ணு இருக்கற எடத்துல கறுப்பு. தாம்பாளம் கைய வுட்டு நழுவி தடதடன்னு கீழ வரிக்கும் உருண்டுச்சு.

கிட்ட வந்து, வெளிச்சம் படாம கண்ணுல கட்டியிருந்த கறுப்புத் துணிய நெத்திக்கு ஏத்தினா. "ஆயா, நாங்க எல்லாம் நைட் ஷிப்ட்டு. எங்களுக்கு இது நடுராத்திரி. கதவுல எழுதிப் போட்டிருக்கே, பாக்கலியா?"

மேல இருந்து ஒரு பையன், "பேயே தேவல ஆயா, அது சத்தம் போடாது"ன்னான்.

அப்புறம் அந்தப் பொண்ணுதான் எல்லாத்தையும் சொன்னா. பகல்ல சத்தம் வந்தா அன்னிக்கே காலி பண்ணணும், அதுதான் இந்த ஓனரு கண்டிசனாம். அவரும் ஒரு காலத்துல நைட்டு பாத்துட்டு, பகல்ல தூங்க எடமில்லாம அலஞ்சவராம். அதனாலதான் இந்த பில்டிங்கக் கட்டினாரு, அதனாலதான் வாடகையும் கொஞ்சமாத்தான் ஏத்தறாரு. என் புள்ளைக்கும் அடுத்த வாரத்துல இருந்து நைட்டுதான், அத வெச்சுத்தான் வூடே குடுத்திருக்காரு. நான் ஒரே நாள்ல கெடுத்துட்டேன்.

சாயங்காலம் அஞ்சு மணி. எல்லா வூட்டுலயும் போனு ஒண்ணா அடிக்குது, கொழா தொறக்குது, குக்கர் மாத்தி மாத்திக் கூவுது. திருவிழாதான் போ! அந்த நேரம் பாத்து ஓனரு வந்து, "மத்தியானம் யாரு இங்க சத்தம் போட்டது?"ன்னு கேட்டாரு. நான் பேத்தி கையப் புடிச்சுகினு தலையத் தொங்கப் போட்டுட்டேன்.

கறுப்புத் துணிக்காரப் பொண்ணு முந்திக்கிட்டா. "ஒரு தட்டு விழுந்துச்சு சார்."

அந்தப் பையன் என்னப் பாத்துட்டு, "ஆமா சார், ரொம்பப் பெரிய தட்டு"ன்னான். ஓனரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

ஏம்மா எனக்காகப் பொய் சொன்னன்னு அவளக் கேட்டேன். "சிலிண்டர்காரன் மூணு வாட்டி கதவத் தட்டிப் பாத்துட்டுப் போயிட்டான் ஆயா. இந்தப் பில்டிங்ல பகல்ல முழிச்சிருக்க ஒரு ஆளு வேணாமா?"ன்னா. பன்னெண்டு வூட்டு சாவியும் இப்ப என் இடுப்புலதான். சிலிண்டரு வந்தா வாங்கி வெக்கறதுல இருந்து எல்லாம் நான்தான். கம்பெனியில கூட அவ்வளவு வேலை இருக்காது, போ!

எனக்கு விடிஞ்சா ஊருக்கே விடிஞ்சுதுன்னு இத்தினி வயசு வரிக்கும் நெனச்சுக்கினு இருந்தேன். இப்பல்லாம் ஒரு கதவு சாத்தியிருந்தா, உள்ள யாருக்கு ராத்திரியோன்னு கால மெல்ல வெக்கறேன்.

அய்யய்யோ, தூறல் போடுது! மொட்ட மாடியில அத்தினி வூட்டு யூனிபாரமும் காயுது, எல்லாம் அசந்து தூங்குதுங்க. எழுந்திரு, நீயும் ஒரு கை புடி. செருப்பக் கழட்டிட்டு வா, சத்தம் வரும்.