ஒலுவிலுக்குக் கொண்டு போன ஒட்டுத் துண்டு

கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து நான் வெளியே இறங்கிய முதல் பயணம் இது. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்தபோது காதில் விழுந்தது ஒரே கதை: "அவன் ஒட்டின ஒட்டுத்தான் அவன்ட தலையில விழுந்த." அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் மில்லில், உமி அடுப்புக்குள் சூட்டுக் குழாய்களைத் தாங்கும் சட்டத்தை மூன்று வருடத்துக்கு முன் வெல்டிங் செய்தவர் அவர்தான், என் மாப்பிள்ளை. சாம்பல் அள்ள இறங்கிய அவர் மேலேயே அது ஒட்டு விட்டு விழுந்தது. அவருடைய கைவேலையில் பிழையா என்று தெரியாமல் எனக்கு உறக்கமில்லை.

உடைந்த ஒட்டின் ஒரு பாதியை, ஒலுவிலில் உலோகம் சோதிக்கும் சேர் ஒருவரிடம் என் காக்கா, மூத்த அண்ணன், முன்பே கொடுத்திருந்தார். மற்றப் பாதியோடு காலை 7.40க்குக் கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். பதினெட்டு கிலோமீட்டர் அளவு, நாற்பது நிமிடம், தொண்ணூறு ரூபாய். ஒலுவில் சந்தியில் இறங்கி ஓட்டோ இருநூறு.

ஓட்டோக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன ராத்தா, இரும்புக்கடையையே கொண்டு போறீங்களா?"

"ஒரு துண்டுதான் தம்பி," என்றேன்.

முன்பே கொடுத்திருந்த பாதியைச் சேர் மினுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காட்டினார். மங்கலும் வெளிச்சமுமாகப் பட்டை பட்டையாகத் தெரிந்தது.

"கலவை ஒரே சீரா இல்ல. சூடு தாங்கிற சத்து ஒரு பட்டையில கூட, பக்கத்துப் பட்டையில குறைவு. நெருப்புக்குள்ள பாரம் தொங்கினா, குறைஞ்ச இடம் மெல்ல மெல்ல இழுபடும். வருசக்கணக்கில. மற்ற இடம் இழுபடாது. ரெண்டுக்கும் நடுவில வெடிப்பு."

"அவர்ட கை பிழையா சேர்?"

"இல்ல. கை அருமையான கை. கம்பிதான் ரெண்டு சாதி கலந்திரிக்கி."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் அந்தச் சட்டத்தை ஒட்டிய மாரியில் வெல்டிங் கம்பிகளில் பூஞ்சணம் பூத்திருந்தது. இரண்டு சாதிக் கம்பிப் பாக்கெட்டையும் பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, ஒரே பால்மா டின்னில் போட்டேன். கம்பியில் சாதியைச் சொல்லும் இலக்கமெல்லாம் துணியோடு போனது.

நான்தான்.

கை பிழையில்லை என்று சேர் எழுதித் தந்த தாள் என்னிடம் இருக்கிறது. மில்லில் காட்டினால், கம்பியைக் கலந்தது யார் என்று கேட்பார்கள். பதிலை இங்கேயே எழுதிவிட்டேன்.

என்னைப் போல் துண்டோடு போகிறவர்கள் பத்து மணிக்கு முன் போங்கள். கறளை, அந்தத் துருவை, தேய்த்துக் கழுவ வேண்டாம். வீட்டில் வெல்டிங் கம்பி இருந்தால் பாக்கெட் மாற்றாதீர்கள், துடைக்காதீர்கள்.

கம்பிகளைப் போட்ட அன்றைக்கு அந்த டின்னைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது: "வடிவா அடுக்கியிரிக்காய் புள்ள."